அசதி போகும் இடம்

என் கணவருக்கு ஊர்கள் பிடிக்காது. ஊர்களுக்குப் போகும் விமானங்களைத்தான் பிடிக்கும். ஆக்லாந்துக்கு மூன்று முறை போயிருக்கிறார். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் ஓய்வறையில் சூப் நன்றாக இருக்கும் என்பார். போன விமானத்திலேயே ஏறித் திரும்பி வந்துவிடுவார். விமான நிலையத்துக் கண்ணாடி வழியாகத் தூரத்தில் ஒரு பச்சை மலை தெரிந்ததாக ஒருமுறை சொன்னார். நியூசிலாந்தைப் பற்றி எங்கள் வீட்டில் இருக்கும் மொத்தத் தகவலும் அதுதான்.

பெயர் தணிகைவேல். அம்பத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் கொள்முதல் மேலாளர். அவருடைய சம்பளத்துக்கு பிசினஸ் கிளாஸ் என்பது எட்டாத உயரம். ஆனால் பாயின்ட் என்று ஒன்று இருக்கிறதே. எந்த கிரெடிட் கார்டில் மளிகை வாங்கினால் எத்தனை பாயின்ட், எந்த மாதத்தில் எதை எதற்கு மாற்றினால் எந்த சீட் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரைப் போலவே ஆயிரக்கணக்கான பேர் ஒரு குரூப்பில் இருக்கிறார்கள். இரவும் பகலும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். மற்ற வீடுகளில் ஆண்கள் சீட்டாடுகிறார்கள், குடிக்கிறார்கள். இவர் விமானத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார், இதற்குப் போய் என்ன சண்டை என்று நான் விட்டுவிட்டேன்.

பிசினஸ் கிளாஸில் தரும் சின்னச் சின்னப் பைகள் எங்கள் வீடு முழுக்கக் கிடக்கும். ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் ஊசி நூல், ஒன்றில் என் மாத்திரைகள். விமானத்தில் தந்த பைஜாமாவைப் போட்டுக்கொண்டுதான் காலையில் பால் வாங்கப் போவார். அதன் முதுகில் 'வைகறை ஏர்லைன்ஸ்' என்று பெரிதாக எழுதியிருக்கும்.

வைகறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற விமானங்களின் பிசினஸ் கிளாஸில் படுக்கை உண்டு, சாப்பாடு உண்டு. வைகறையில் மட்டும்தான் அசதி கிடையாது. பதினாறு மணி நேரம் பறந்து இறங்கினாலும் குளித்து முடித்து வந்தவர்போல இறங்கலாம். தலையணைக்குள் ஒரு தகடு இருக்கிறதாம். அது மூளையிலிருந்து சோர்வை மட்டும் பிரித்து எடுத்துவிடுமாம். எப்படி என்று கேட்டால் இவர் அரை மணி நேரம் சொல்வார், அதனால் நான் கேட்பதில்லை. எடுத்து எங்கே போடுகிறார்கள் என்றும் கேட்டதில்லை. குப்பை லாரி தெருமுனை திரும்பிய பிறகு அது எங்கே போகிறது என்று யார் கேட்கிறார்கள்?

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் என் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார். மெல்லிய ரப்பர் பட்டை, சாம்பல் நிறம்.

"இனிமே நீதான் என் ப்ளேயர் டூ" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

பாயின்ட் சேர்ப்பவர்களின் உலகத்தில் அது ஒரு வழக்கம். கணவன் முதல் ஆட்டக்காரர். மனைவி பெயரிலும் கணக்குத் தொடங்கி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார்கள். மனைவி ஆட வேண்டியதில்லை. பெயரைக் கொடுத்தால் போதும்.

"நான் என்னங்க பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் சுகந்தி. கழற்றாம கட்டிட்டிருந்தா போதும். நீ வீட்லதானே இருக்கே. பாயின்ட் தானா ஏறும்."

நான் வீட்டில்தான் இருந்தேன். ஆனால் சும்மா இல்லை. சாயங்காலம் ஆனால் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பேன். பிளஸ் டூ வரை. அந்த வருடக் கடைசியில் அதை நிறுத்திவிட்டேன். முடியவில்லை. பிள்ளைகள் முன்னால் சாக்பீஸைப் பிடித்தபடியே கண் சொருகும். எழுதிக்கொண்டிருக்கும் சமன்பாடு பாதியில் எங்கேயோ போய்விடும்.

டாக்டரிடம் போனேன். ரத்தம் நார்மல், தைராய்டு நார்மல், வைட்டமின் மட்டும் கொஞ்சம் குறைவு, வெயிலில் நில்லுங்கள் என்றார். இன்னொரு டாக்டர் இந்த வயதில் பெண்களுக்கு வருவதுதான் என்றார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு. "எலும்புக்குள்ள ஈர மணலை ரொப்பின மாதிரி இருக்கு டாக்டர்" என்று எல்லாரிடமும் சொல்வேன். எல்லாரும் தலையாட்டிவிட்டு மாத்திரை எழுதுவார்கள்.

வீட்டில் சொன்னால் இவர், "ஒரு காபி குடி, சரியாயிடும்" என்பார். அவரே காபி போட்டும் தருவார், அதையும் சொல்லிவிடுகிறேன். மோசமான மனிதர் இல்லை.

அவர் பயணம் போகும் நாட்களில் அசதி தாங்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கியிருக்கிறேன். பிரிவுத் துயர் என்று நினைத்துக்கொண்டேன். என் தம்பி திலீபனிடம் அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். இவர் திரும்பி வந்து பெட்டியை வைத்த கையோடு ஆபீசுக்குக் கிளம்புவார். சோபாவில் சுருண்டு கிடக்கும் என்னைப் பார்த்து, "பறந்து வந்தவன் நான். நீ ஏன்மா டயர்டா இருக்கே?" என்பார். 

*

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். வான்கூவருக்கு.

"அங்க என்னங்க இருக்கு?"

"அங்க என்ன இருந்தா நமக்கென்ன? அந்த ரூட்லதான் புது சூட் விட்டிருக்காங்க. கதவு வச்ச குட்டி ரூம் மாதிரி. நடுவுல இருக்கிற தடுப்பை இறக்கிட்டா நாம ரெண்டு பேரும் பேசிட்டே போகலாம். உன்னை ஒரு தடவையாவது அதுல உட்கார வச்சுப் பார்க்கணும்னு எனக்கு எத்தனை வருஷத்து ஆசை தெரியுமா?"

 எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. கல்யாண நாளுக்குப் புடவை வாங்கித் தரும் கணவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மனிதர் தனக்குப் பிடித்ததிலேயே ஆகப் பிடித்ததை எனக்குத் தர நினைத்தார்.

ஒரே ஒரு சிக்கல். அந்தத் தலையணையில் நான் தலை வைக்க வேண்டுமென்றால் என் கைப்பட்டையைக் கழற்ற வேண்டும். எனக்குப் பதிலாகக் குழுவில் வேறு ஒருவராவது பட்டை கட்டியிருக்க வேண்டும் என்பது விதியாம். புதிதாக ஆள் சேர்ந்தால் போனஸ் பாயின்ட் வேறு. பல்லாவரத்தில் ஸ்கூல் வேன் ஓட்டும் என் தம்பியைப் பிடித்தார்.

"அக்காவுக்காகப் பட்டை என்ன மாமா, மூக்குத்தியே போட்டுக்கறேன்" என்று கையை நீட்டினான் திலீபன். "எப்பக் கழற்றணும்?"

"நாங்க திரும்பி வர்ற வரைக்கும் கழற்றிடாதேடா. கழற்றினா போனஸ் போயிடும்."

ஏன் அப்படி ஒரு விதி என்று மூன்று பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

*

காலை விமானம். சூட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து சீட்டின் அகலத்தை அளந்தார். நிறுவனம் விளம்பரத்தில் சொன்னதைவிட அரை விரற்கடை குறைவு என்று கண்டுபிடித்து மிகவும் சந்தோஷப்பட்டார். கதவை மூடித் திறந்து வீடியோ எடுத்தார். தலைக்கு மேலே குட்டிக் குட்டி நட்சத்திர விளக்குகள். நான் காலை நீட்டிப் பார்த்தேன், எங்கும் முட்டவில்லை. ரெபேக்கா என்ற பணிப்பெண் வந்து பெயர் சொல்லி வணக்கம் சொன்னாள். தூத்துக்குடிப் பெண்ணாம். நல்ல லட்சணம்.

சாப்பாடு முடிந்தது. ஒவ்வொரு தட்டையும் படம் எடுத்த பிறகுதான் இவர் சாப்பிட்டார், என்னையும் சாப்பிடவிட்டார். பிறகு நடுத் தடுப்பை இறக்கினார்.

"இப்பதான் முக்கியமான ஐட்டம். தலையை வை."

வைத்தேன்.

அதை எப்படிச் சொல்வது? முதலில் பிடரியில் ஒரு சின்னக் குளிர்ச்சி. அப்புறம் தோள் இறங்கியது. என் தோள் இத்தனை வருடமாக ஏறியே இருந்திருக்கிறது என்பதே அது இறங்கியபோதுதான் தெரிந்தது. கை, இடுப்பு, கணுக்கால் என்று ஒவ்வொன்றாக மணல் வடிந்தது. கண்ணுக்குப் பின்னால் எப்போதும் இருந்த ஒரு அழுத்தம் சட்டென்று காணாமல் போனது. நான் அழுதேன். வலியோ துக்கமோ இல்லை. இப்படி ஒரு உடம்பு எனக்கு இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன், அதுதான்.

பதினேழாம் வாய்ப்பாடு தானாக மனசுக்குள் ஓடியது. கண்ணை மூடி ஒரு இருபடிச் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். காரணிகள் பளிச்சென்று பிரிந்து வந்தன. ஊருக்குப் போனதும் டியூஷனை மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

"எப்படி இருக்கு?" என்றார் இவர் ஒரு மணி நேரம் கழித்து, பரீட்சை ரிசல்ட் கேட்பவர்போல.

"தேங்க்ஸ்ங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே திலீபனை வீடியோவில் அழைத்தார். விமானத்துக்குள்ளிருந்து பேசுவதை யாரிடமாவது காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

திலீபன் வேனுக்குள் உட்கார்ந்திருந்தான். பின்னால் ஸ்கூல் காம்பவுண்டுச் சுவர். சென்னையில் அப்போது மத்தியானம்.

"பாருடா, கதவு! பாரு, உங்கக்கா மகாராணி மாதிரி படுத்திருக்கா!"

"சூப்பர் மாமா" என்றான். குரலில் உயிரே இல்லை. கண்ணைக் கசக்கினான்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"தெரியலக்கா. காலைல நல்லாத்தான் இருந்தேன். இப்ப ஒரு மணி நேரமா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. கையைத் தூக்கவே முடியல. உள்ளுக்குள்ள..." தேடினான். "உள்ளுக்குள்ள மண்ணு மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி இருக்குக்கா. எலும்பெல்லாம் கனக்குது."

தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"நீ வண்டி எடுக்காதே திலீபா. அந்தப் பட்டையைக் கழற்று முதல்ல."

"பட்டையா? அதுக்கென்ன? சரிக்கா, ஸ்கூல் விடப் போறாங்க, பசங்களை ஏத்தணும். ஒரு டீ அடிச்சா சரியாயிடும்." போன் அணைந்தது.

திரும்பத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. வண்டிக்குள் பிள்ளைகள் ஏறத் தொடங்கினால் போனை அணைத்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிடுவான். அவனுடைய நல்ல பழக்கம் அது, ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைச் சபித்தேன்.

"என்னங்க" என்றேன். "நம்ம அசதி எங்க போகுது?"

அவர் நட்சத்திர விளக்கைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"லேசா இருக்கும்னுதான் குரூப்ல சொன்னாங்க" என்றார், மெதுவாக. "பட்டை கட்டினவங்களுக்குக் கொஞ்சூண்டு. நமக்கே தெரியாத அளவுக்கு."

மணியை அழுத்தினேன்.

*

ரெபேக்கா வந்தாள். ஒளிவு மறைவு ஏதும் இல்லாமல் சொன்னாள். ஒளிக்க அதில் என்ன இருக்கிறது என்பதுபோல.

"ஆமா மேடம், அசதியை அழிக்க முடியாது. ஒருத்தர்கிட்டேருந்து எடுத்தா இன்னொருத்தர்கிட்ட குடுத்துத்தான் ஆகணும். காசு குடுத்து வர்றவங்களுக்குக் கம்பெனியே ஆள் வச்சிருக்கு. ஸ்ரீபெரும்புதூர்ல பெரிய ஹால், அங்க வரிசையா படுத்திருப்பாங்க. எங்க அண்ணிகூட அங்கதான் வேலை பார்த்தாங்க. பாயின்ட் டிக்கெட்டுக்கு மட்டும் உங்க குழுவுல யார் பட்டை கட்டியிருக்காங்களோ அவங்களுக்குப் போகும்."

"பார்த்தாங்கன்னா? இப்ப பார்க்கலையா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல யாரையும் வச்சுக்க மாட்டாங்க மேடம். உடம்பு தாங்காதுன்னு டாக்டரே நிறுத்திடுவார்."

"நான் ஒன்பது வருஷம் கட்டியிருந்தேன்" என்றேன்.

ரெபேக்கா என்னைப் பார்த்தாள். பிறகு என் கணவரைப் பார்த்தாள். கற்றுக்கொடுத்த புன்னகை அவள் முகத்திலிருந்து முதல்முறையாகப் போனது.

"ஹால்ல ஒரு ஆளுக்கு உடம்பு தாங்கலைன்னா ரெண்டே நாள்ல தெரிஞ்சிடும் மேடம்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "உங்களுக்கு வீட்ல யாரும் கவனிக்கலையா?"

கவனித்தார்களே. ஊரே கவனித்தது. வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அசதி என்றால் அது ஒரு செய்தியா? டாக்டர் உட்பட எல்லாரும் எதிர்பார்த்ததுதான் எனக்கு இருந்தது. அதனால்தான் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. என் தம்பிக்கு வந்து ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

"ஒரே மணி நேரத்துல ஏன் இவ்வளவுன்னு நீங்க கேக்கலாம் மேடம்" என்றாள் ரெபேக்கா, நான் கேட்காமலே. "முதல் தடவை வர்றவங்களுக்குப் பழைய அசதியையும் சேர்த்து எடுத்துடுவோம். வரவேற்புச் சலுகை. உங்க உடம்புல இருந்த எல்லாம் இப்ப அவர்கிட்ட போய்ட்டிருக்கு."

"அவன் ஸ்கூல் வேன் ஓட்டறவன்மா! பிள்ளைங்க உட்கார்ந்திருக்கும்! நிறுத்து முதல்ல!"

"நிறுத்தலாம். ஆனா போனது போனதுதான். திருப்பி எடுக்கணும்னா வேற ஒருத்தர் வாங்கிக்கணும். இங்கேயே ஒரு பட்டை வச்சிருக்கேன். கட்டினா ரெண்டு நிமிஷத்துல மாறிடும்." கையிலிருந்த டேப்லட்டைத் தட்டினாள். "யார் பேருக்கு மாத்தட்டும்?"

எனக்கே என்று வாய் வரை வந்துவிட்டது. கருகின தோசை யாருக்கு என்றால் எனக்கே. கம்பி ஒடிந்த குடை எனக்கே. ஜன்னல் இல்லாத சீட் எனக்கே. இருபத்தைந்து வருடமாக வாய் அதற்குப் பழகியிருக்கிறது. அரை நொடி பிந்தியிருந்தாலும் கை தானாக நீண்டிருக்கும்.

ஆனால் அப்போது என் உடம்பில் அசதி இல்லை. அசதி இல்லாத மூளைக்குக் கணக்கு வேகமாக வருகிறது.

"சொல்லுங்க" என்றேன் கணவரிடம்.

அவர் சூட்டைச் சுற்றிலும் பார்த்தார். கதவு, தலையணை, இன்னும் பிரிக்காத பைஜாமா. ஒரு குழந்தையிடமிருந்து பொம்மையைப் பிடுங்குவதுபோல எனக்கே பாவமாக இருந்தது.

"இன்னும் பாதி தூரம்கூடப் போகலையே சுகந்தி" என்றார்.

"அது என் அசதி இல்லைங்க. ஆக்லாந்து அசதி. டோக்கியோ அசதி. போன தீபாவளிக்கு எங்கேயோ போனீங்களே, அந்த அசதி. எல்லாம் உங்களோடது. நான் வச்சிருந்தேன், அவ்வளவுதான்."

 அவர் கையை நீட்டினார். அதை நான் மறக்க மாட்டேன். ரெபேக்கா பட்டையைக் கட்டும்போது இழுத்துக்கொள்ளவில்லை.

ரெபேக்கா சொன்னபடி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் முகம் என் கண் முன்னாலேயே மாறியது. கன்னம் தொங்கியது. போனைப் பிடித்திருந்த கை மடியில் விழுந்தது. போன் நழுவிக் கீழே போனது. அதை எடுக்கக் குனியலாமா என்று யோசித்து, பிறகு விட்டுவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துத் திலீபன் அழைத்தான். அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

"என்னக்கா, இத்தனை மிஸ்டு கால்? எல்லாப் பசங்களையும் இறக்கி விட்டுட்டேன். டீ நல்லா வேலை செஞ்சுதுக்கா, கடைசிச் சிக்னல்ல நிக்கறப்போ திடீர்னு பளிச்சுன்னு ஆயிட்டேன்."

"பட்டையைக் கழற்றிக் குப்பைல போடு."

"மாமா போனஸ் போயிடும்னாரே?"

"போகட்டும்டா" என்றேன். சொல்லிவிட்டுப் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

*

அடுத்த சாப்பாடு வந்தபோது இவர் படம் எடுக்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுகந்தி."

"ம்."

"இப்படித்தான் இருந்துச்சா உனக்கு?"

"ஆமா."

"தினமுமா?"

"நீங்க பயணம் போறப்போ கூடுதலா இருக்கும்."

கரண்டியைத் தட்டில் வைத்தார். அப்புறம், "இதை வச்சுக்கிட்டா சமைச்சே?" என்றார். கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்க முடியாமல் அப்படியே விட்டார். நான்தான் துடைத்துவிட்டேன். அந்த நிமிடம் அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. இவ்வளவு நாள் கழித்து ஒரு மனிதருக்கு என் உடம்பு புரிந்திருக்கிறது. அதுவே பெரிதாக இருந்தது.

பிறகு தடுப்பை ஏற்றிவிட்டுத் தூங்கினேன். கனவில்லாத, அடியில்லாத தூக்கம்.

விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே வான்கூவர். காலை வெயில், கடல், அதற்கு அப்பால் உச்சியில் பனி மூடிய மலைகள். என்னால் சீட்டில் உட்கார முடியவில்லை. இறங்கி நடக்க வேண்டும், அந்த மலைக்குப் போக வேண்டும், கடல் தண்ணீரில் கால் வைக்க வேண்டும், எல்லாவற்றையும் இன்றைக்கே பார்க்க வேண்டும் என்று உடம்பு பரபரத்தது. கடைசியாக எப்போது நான் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

இரண்டு பெட்டிகளையும் நானே இறக்கினேன். இவர் சீட்டின் முதுகுகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தார். விமானத்தின் வாசலில் ரெபேக்கா நின்றிருந்தாள்.

"சார், பட்டையைக் கழற்றிடறேன்" என்றாள். "கொஞ்ச நாள் நல்லா தூங்கி எழுந்தா தானா சரியாயிடும். பட்டை கையில இருக்கிற வரைக்கும் போகாது." பிறகு என்னிடம் திரும்பினாள். "அடுத்த வாரம் ரிட்டர்ன் இருக்கு மேடம். உங்க தம்பி கழற்றிட்டார். கட்டினவங்க யாரும் இல்லைன்னா தலையணை சர்வீஸ் கிடையாது. சாதா சீட்தான் வரும்."

"சாதா சீட்டே போதும்" என்றார் இவர். ஜன்மத்தில் அவர் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்திராத வார்த்தை. என்னைப் பார்த்தார். குழந்தை பார்ப்பதுபோல நம்பிப் பார்த்தார்.

நல்ல பெண்ணாக இருந்தால் கழற்றச் சொல்லியிருப்பேன். நான் நல்லவள் என்றுதான் நாற்பத்தேழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தத் தலையணையின் குளிர்ச்சி இன்னும் என் பிடரியில் இருந்தது. தோள் இறங்கியே இருந்தது. பதினேழாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பிப் போகும்போதும் இது வேண்டும். ஒரே ஒரு தடவை. ஒன்பது வருடத்துக்கு முன் இவரும் இப்படித்தான் நினைத்திருப்பார்.

"இருக்கட்டும் ரெபேக்கா" என்றேன். "ஊர் போய்ச் சேர்ந்ததும் கழற்றிக்கலாம்."

ரெபேக்கா வழிவிட்டு நகர்ந்தாள். கற்றுக்கொடுத்த புன்னகை திரும்பி வந்திருந்தது.

விமான நிலையத்தின் நீளமான கண்ணாடி வழியாக மலை தெரிந்தது. நான் வேகமாக நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது இவர் ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார்.

"சுகந்தி, என்னால முடியலம்மா. எலும்பெல்லாம் கனக்குது."

"ஒரு காபி குடிங்க" என்றேன். "சரியாயிடும்."